கேஸ் டைரியில் இடம் பெறாதவை

வடசென்னையில் குற்றப்பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், குறும்படம் எடுக்க விரும்பும் எங்கள் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் அவ்வப்போது கதை கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்ப்பது வெட்டுக்குத்தும் என்கவுன்டரும்தான். நான் முதலில் ஜோசப் வாம்போவைப் பற்றிச் சொல்வேன்.

வாம்போ 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் சேர்ந்து, துப்பறியும் பிரிவில் சார்ஜென்ட்டாக உயர்ந்தவர். பணியில் இருந்தபடியே 1971-இல் முதல் நாவலை வெளியிட்டார். பிடிபட்டவர்களே அவரிடம் கையெழுத்துக் கேட்கும் அளவுக்குப் புகழ் வளர்ந்துவிட, 1974-இல் வேலையை விட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய ‘ஆனியன் ஃபீல்ட்’ ஓர் உண்மை வழக்கைப் பற்றியது. 1963-இல் ரோந்தில் இருந்த இரண்டு காவலர்களைத் துப்பாக்கி முனையில் கடத்திச் சென்ற இருவர், ஒரு வெங்காய வயலில் அவர்களில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள்; மற்றவர் இருட்டில் ஓடித் தப்பினார். துப்பாக்கியை எதிரிகளிடம் கொடுத்துவிட்டாரே என்று சொந்தத் துறையே குறை பேச, உயிர் பிழைத்த அந்த மனிதர் குற்ற உணர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிப் போனதைத்தான் வாம்போ ஊன்றி எழுதினார். தன்னுடைய இன்னொரு நாவலை வேறொருவர் படமாக்கிய விதம் அவருக்குப் பிடிக்காததால், இந்தப் புத்தகத்துக்குத் தானே திரைக்கதை எழுதி, சொந்தப் பணத்தையும் போட்டு, 1979-இல் படமாக வரச் செய்தார்.

புலனாய்வு அதிகாரி நாள்தோறும் எழுத வேண்டிய கேஸ் டைரிதான் எங்களுக்கெல்லாம் எழுத்துப் பயிற்சி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172-ஆம் பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தின் 192-ஆம் பிரிவு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது: தகவல் வந்த நேரம், புலனாய்வைத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், போன இடங்கள், தெரிய வந்த விவரங்கள். கண்டதை மட்டும் எழுது, ஊகத்தைக் கலக்காதே என்ற அந்தக் கட்டுப்பாடு எந்த எழுத்தாளனுக்கும் வரம். ஆனால் கதைக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த டைரிக்கு வெளியேதான் நிற்கிறது.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்து நகையை எடுத்துச் சென்றிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், தரையில் இறைந்து கிடந்த புடவைகளையும் உள்ளாடைகளையும் அந்த அம்மா ஒவ்வொன்றாக மடித்து உள்ளே அடுக்கி, பீரோவையும் துடைத்து வைத்துவிட்டார். கைரேகை எடுக்க வந்தவருக்கு எதுவும் சிக்கவில்லை. “ஆம்பளைங்க வருவீங்கன்னு தெரியும் சார், அதான்” என்றார், தலை நிமிராமல். ‘வாதி சம்பவ இடத்தைக் கலைத்துவிட்டார்’ என்று டைரியில் எழுதினேன். சட்டப்படி அது சரியான வரி. நகையை விடத் தன் மானம் பெரிதென்று அவர் நினைத்ததை எழுத அதில் இடமில்லை.

நம் பக்கத்தில் காவலராக இருந்து இயக்குநரான தமிழ் என்பவர், 2022-இல் எடுத்த ‘டாணாக்காரன்’ படத்தைக் காவலர் பயிற்சிப் பள்ளிக்குள்ளேயே நடத்தினார். கேரளக் காவல்துறையிலிருந்து வந்த ஷாஹி கபீர் எழுதிய ‘நாயாட்டு’, போலீஸ்காரர்களே போலீசுக்குப் பயந்து ஓடும் கதை. இருவருமே திருடனைத் துரத்திப் பிடித்த பெருமையைப் பேசவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காக்கிக்குள் இருந்தவனுக்கு மட்டுமே தெரிந்த அவமானங்களையும் அச்சங்களையும் திரைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

வியாசர்பாடி, காசிமேடு என்றாலே கத்தியைக் காட்டும் படங்களைப் பார்த்து எங்கள் பகுதி மக்கள் சலித்துவிட்டார்கள், நானும்தான். அந்த அம்மாவின் பீரோவை வைத்துப் பெயர், தெரு எல்லாவற்றையும் மாற்றி ஒரு திரைக்கதை எழுதியிருக்கிறேன். ரத்தம் இல்லாத கதை என்று முதலில் தயங்கிய பிள்ளைகள், இப்போது பழைய இரும்பு பீரோ உள்ள ஒற்றை அறை வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.