என் லைனை யார் பார்ப்பார்கள்?

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் நான் ஒரு தையல் லைனுக்கு, அதாவது ஒரே உடையை வரிசையாகத் தைத்து முடிக்கும் டெய்லர் கூட்டத்துக்கு, சூப்பர்வைசராக இருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த புரொடக்ஷன் மேனேஜரை முதலாளி நேராக என் லைனுக்குத்தான் அழைத்து வந்தார். "அம்மிணி, தம்பிக்கு இங்கே எல்லாவற்றையும் சொல்லிக் கொடு" என்றார். அந்தத் தம்பிக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. டிப்ளமோ படித்தவர், மரியாதை தெரிந்தவர். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டார். மூன்று வாரம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். எந்த டெய்லர் காலர் வைப்பதில் கெட்டி, எந்த மெஷின் மதியத்துக்கு மேல் நூல் அறுக்கும், செக்கிங் மேசையில் எந்த இடத்தில் வெளிச்சம் போதாது என்பதுவரை ஒன்றையும் ஒளிக்கவில்லை.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. முதலாளி மீது இருந்தது. ஆனால் அழுது முடித்தபோது வேறொன்று உறைத்தது. அந்த மேனேஜர் வேலை எனக்கு வேண்டும் என்று நான் ஒருவரிடமும், என் கணவரிடம்கூட, வாய் திறந்து சொன்னதில்லை.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்தது 2006-ல், பத்தொன்பது வயதில், கைமடியாக. கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி அடுக்குவது, நூல் பிசிறு வெட்டுவது. அங்கிருந்து செக்கிங் மேசைக்குப் போனேன். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் கம்பெனியில் துணி வரத்து குறைந்து, பல நாள்கள் மெஷின்கள் சும்மா கிடந்தன. அப்போது இருந்த வயதான மேனேஜர், வேலை இல்லாத அந்த நாள்களில் என் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து நேரம் குறிக்கக் கற்றுக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கியவரும் அவர்தான். என் வளர்ச்சியில் நான் கேட்டு வாங்கியது எதுவும் இல்லை. யாரோ ஒருவர் என்னைக் கவனித்தார், கூப்பிட்டுக் கொடுத்தார். அதனால்தான் அடுத்ததும் அப்படியே வரும் என்று நம்பிவிட்டேன். அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றதோடு என்னைக் கவனிக்கும் கண்ணும் போய்விட்டது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் முறை கேட்டது 2022 மார்ச்சில். அதைப்போல் தவறான நேரமும் தவறான பேச்சும் இருக்க முடியாது. பின்னலாடைத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. நூல் விலை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஆர்டரைப் புதிய விலை நூலில் தைத்து அனுப்ப வேண்டிய நிலையில் முதலாளிகள் தூக்கம் கெட்டு இருந்தார்கள். எங்கள் முதலாளியும் அன்று போனில் நூல்காரரோடு வாதாடிவிட்டுக் கட்டிங் மேசைப் பக்கம் வந்து நின்றார். நான் போய், "அண்ணா, பதினாறு வருடமாக இருக்கிறேன். நேற்று வந்தவருக்குக் கொடுத்த பதவி எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டேன். கட்டர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் இறுகியது. "பார்க்கலாம் அம்மிணி" என்று நகரப் போனவர், இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, "சரி, உன்னை மேலே எடுத்தால் உன் லைனை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தட்டிக் கழிக்கத்தான் அப்படிக் கேட்டார் என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று அரை நாள் விடுப்பு எடுத்தேன். மதியம் இரண்டு மணிக்குள் நான்கு முறை போன் வந்தது. ரிப் துணி எந்த ரோல், எந்த டெய்லரை ஹெம்மிங்கில் உட்கார வைப்பது, பட்டன் டப்பா எங்கே. நான்காவது போனை வைத்தபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று புரிந்தது. லைனில் உள்ள எல்லாமே என் தலைக்குள்தான் இருந்தன. நான் இல்லாமல் லைன் ஓடாது என்பதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். அந்தப் பெருமைதான் என்னை அந்த இடத்திலேயே ஆணி அடித்து வைத்திருந்தது. ஓடுகிற மாட்டை எவரும் வண்டியிலிருந்து அவிழ்க்க மாட்டார்கள்.

அடுத்த ஒன்பது, பத்து மாதம் நான் செய்தது இரண்டே வேலை.

ஒன்று, இரண்டு பெண்களைத் தயார் செய்தேன். ஒருத்தி பிளாட்லாக் டெய்லர், இன்னொருத்தி செக்கிங்கில் இருந்தவள். இதைச் சொல்லும்போது எளிதாகத் தெரியும். ஆனால் பதினாறு வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்ததைத் தூக்கிக் கொடுக்க மனம் அவ்வளவு சுலபமாக இடம் கொடுக்காது. ஓர் உதாரணம் சொல்கிறேன். பனியன் துணி நெய்தது அல்ல, பின்னியது. கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டிருக்கும். அதற்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிதான் போட வேண்டும். அது கண்ணியை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். கூர் ஊசியோ, முனை மழுங்கிச் சிலும்பிய ஊசியோ கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஒரு முறை துவைத்தால் தையல் ஓரமாக வரிசையாக ஓட்டை விழும். ஊசி கெட்டுவிட்டதை நான் மெஷின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஊசி துணியில் இறங்கும்போது 'டப்' என்று ஒரு சின்ன அடி கேட்கும். அந்தக் காது எனக்கு மட்டுமே இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. செக்கிங் பெண்ணை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, நல்ல ஊசியையும் கெட்ட ஊசியையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக் காட்டினேன். இருபது நாளில் அவளுக்குக் கேட்டது. அவள் முதல்முறையாகத் தானே மெஷினை நிறுத்தி ஊசியை மாற்றச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் வயிற்றில் ஒரு பிசைவும் ஒன்றாக வந்தன.

இரண்டாவது, கணக்கு எழுதினேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், தினமும். காலர் வைத்த ஒரு டி-ஷர்ட்டைத் தைத்து முடிக்க எங்கள் லைனுக்கு வைத்திருந்த நேரம் 15 நிமிடம். 25 பேர், 480 நிமிட ஷிப்ட். ஒரு நொடிகூட வீணாகாமல் ஓடினால் 800 உருப்படி வரவேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது 400, அதாவது பாதி. எங்கே நின்று போகிறது என்று மணிக்கு மணி குறித்தேன். பெரும்பாலும் டெய்லர்களிடம் தவறு இல்லை. கட்டிங்கிலிருந்து காலர் துண்டும் உடம்புத் துண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. வந்தாலும் ஷேடு மாறி வருகிறது. துணி ரோலைப் பிரித்து ஆற விடாமல் அவசரமாக வெட்டிவிடுவதால் வெட்டிய பிறகு துண்டுகள் சுருங்கி அளவு குறைகின்றன. இவை எல்லாம் என் லைனுக்கு வெளியே நடப்பவை. சூப்பர்வைசராக நான் கத்தலாம், சரி செய்ய முடியாது. மேனேஜர் வேலை எதற்கு என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. அதுவரை சம்பளமும் கண்ணாடி அறையும் மரியாதையும்தான் என் மனத்தில் இருந்தன. இந்த நோட்டை எழுத ஆரம்பித்த பிறகு, கட்டிங்கையும் தையலையும் ஒரே கையில் பிடிக்காவிட்டால் இந்த 400 நகராது என்ற தவிப்பு வந்துவிட்டது. கேட்பதற்கு அந்தத் தவிப்பு கொடுத்த தைரியத்தை என் கோபம் கொடுக்கவில்லை.

கட்டிங் மாஸ்டரோடு பேசி என் லைனுக்கு மட்டும் துணியை முந்தின நாளே பிரித்துப் போட வைத்தேன். தீபாவளி போனஸ் சமயத்தில் நாளுக்கு 480 உருப்படிக்கு வந்திருந்தோம். தரப் பரிசோதனையிலும் தேறினோம். 3,000 உருப்படி ஆர்டர் என்றால் பையரின், அதாவது ஆர்டர் கொடுத்தவரின், ஆள் 125-ஐ உருவிப் பார்ப்பார். எத்தனை குறைவரை பொறுக்கலாம் என்று சொல்லும் ஏ.கியூ.எல். 2.5 கணக்கில் பெரிய குறை ஏழுவரை போகலாம், எட்டாவது கிடைத்தால் மொத்த லாட்டும் திரும்பிவிடும். அந்த எட்டு என்ற எண் என்னை எத்தனை இரவு தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். ஆறு மாதம் என் லைனில் ஒரு லாட்டும் திரும்பவில்லை. நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன்.

2023 பொங்கல் முடிந்து வந்தபோது மேனேஜர் தம்பி வேறு கம்பெனிக்குப் போவதாகச் சொன்னார். முதலாளியிடம் சொல்வதற்கு முன்பே என்னிடம் சொன்னார். "அக்கா, இந்த முறை நீங்களே போய்க் கேளுங்கள்" என்றார். அந்தப் பிள்ளையை நான் எந்நாளும் நன்றியோடுதான் நினைப்பேன்.

இந்த முறை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஷிப்மெண்ட் போன மறுநாள், காலை பதினொரு மணி, ஆபீஸ் அறை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அதற்கு முன்பு அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. "அண்ணா, புரொடக்ஷன் மேனேஜர் வேலையை எனக்குக் கொடுங்கள். என் லைனை யார் பார்ப்பார்கள் என்று போன வருடம் கேட்டீர்கள். இரண்டு பேர் இருக்கிறார்கள். போன மாதம் நான் ஒரு வாரம் லைன் பக்கமே போகவில்லை, கவனித்தீர்களா?" என்று நோட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் கவனித்திருக்கவில்லை. லைன் நிற்காததால்தான் கவனிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு கேள்விகள் வந்தன. பையர் வந்தால் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்றார். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கூட இருப்பார், தையலைப் பற்றிய கேள்விக்கு நான் துணியைக் காட்டிப் பதில் சொல்வேன் என்றேன். அடுத்த கேள்வியைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். "ராத்திரி நேரமாகும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை நினைத்துத்தான் உன்னைக் கூப்பிடவே இல்லை அம்மிணி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தங்கைபோல் நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பதினாறு வருடமாக வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்திருக்கிறேன். மகன் பிறந்து ஐந்தாவது மாதத்தில் ஷிப்மெண்டுக்காக விடிய விடிய செக்கிங் மேசையில் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் என் வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ராத்திரி வேலைக்கு ஆள் வேண்டும்போது நினைவுக்கு வராத பிள்ளைகள், பதவி என்றதும் நினைவுக்கு வருகிறார்கள். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். இன்றைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நான் பேசியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் தையலிலும் செக்கிங்கிலும் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கண்ணாடி அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு நான் ஏன் நடுங்கினேன் என்று புரியும்.

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மூன்று மாதம் பார், பிறகு பேசுவோம் என்றார். நான் அதை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். "நம்பிக்கை இருக்கிறது அண்ணா. மூன்று மாதம் கழித்து உங்களுக்கு நூறு வேலை இருக்கும். ஆபீசில் கணக்குப் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும்" என்றேன். எழுதித் தந்தார். எந்தெந்தப் பிரிவு என் பொறுப்பு, எந்தத் தேதியில் முடிவு, முடிவானால் என்ன சம்பளம் என்று ஒன்பது வரி. அந்தக் காகிதம் இன்றும் பீரோவில் இருக்கிறது.

தேதி வந்தபோது அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் மாதச் சம்பளத்துக்கு மாறினேன். எனக்கு முன்பிருந்தவருக்குக் கொடுத்ததைவிட அது குறைவு. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன், அடுத்த வருடம் மறுபடி நோட்டோடு போய்ச் சமமாக்கிக்கொண்டேன். ஒரே வேலைக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மேனேஜரான முதல் மாதத்தில் ஒரு நாள், கண்ணாடி வழியாகப் பார்த்தபோது என் பழைய லைன் நின்றிருந்தது. காலர் வைக்கும் இடத்தில் மலைபோல் துணி குவிந்திருக்க, அதற்குப் பிந்தைய டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனால் ஐந்து நிமிடம். எழுந்து கதவுவரை போய்விட்டேன். புதிய சூப்பர்வைசர், என்னிடம் ஊசிச் சத்தம் கேட்கப் பழகிய அதே பெண், இரண்டு டெய்லர்களை இடம் மாற்றி உட்காரவைத்துப் பார்த்தாள். சரி வரவில்லை. இன்னொருத்தியை மாற்றினாள். ஒரு முறைகூட என் அறைப் பக்கம் திரும்பவில்லை. லைன் ஓட இருபது நிமிடம் ஆனது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். மணிக்கு 60 வரவேண்டிய லைன், அந்த ஒரு மணி நேரத்தில் 41. அவளே சாக்பீஸால் போர்டில் எழுதினாள்.