வளையும் காயிலுக்குக் காப்புரிமை

மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றாமல், பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் செம்புத் தடங்களை உருவாக்கி, அதைப் பாய் மாதிரி சுருட்டி வைத்தால் வளையும் காயில் தயார். காந்தத்தை இழுத்துப் பிடிக்க இரும்புப் பற்கள் இல்லாததால், மெதுவாகச் சுழலும்போதும் உதறல் இருக்காது.

அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இப்படி ஒரு வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். காப்புரிமை அலுவலகம் ஆட்சேபங்களை அடுக்கி அனுப்பும் முதல் பரிசோதனை அறிக்கை வந்ததும் மனுஷன் ஆடிப்போய்விட்டார். ஆட்சேபம் வேறு, நிராகரிப்பு வேறு என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆறிப்போனது. பதில் சொல்ல 6 மாதம் இருக்கிறது.

அறிக்கையில் நியாயம் இருக்கிறது என்பேன். அச்சிட்ட சுருள்களுக்கு சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் எச்02கே 3/26 என்று தனிப் பிரிவே உண்டு. அத்தனை பழைய சரக்கு. ‘வளையக்கூடியது’ என்று மட்டும் கோரினால் 1970 காப்புரிமைச் சட்டம் கேட்கும் கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புதுமை, எங்கே? சுருட்டும்போது அடுக்குகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, தடங்கள் மறுபக்கத்துக்கு எந்த இடத்தில் தாண்டுகின்றன, வெப்பம் எப்படி வெளியேறுகிறது, அதெல்லாம்தான் சரக்கு. பிரிவு 59-இன்படி ஆவணத்தில் முதலில் சொல்லாததைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க முடியாது. நல்லவேளை, இவர் விளக்கத்தில் எல்லாவற்றையும் படம் போட்டே எழுதியிருக்கிறார். இனி கோரிக்கைகளை, அதாவது தனக்கு மட்டும் உரிமை வேண்டும் என்று கேட்கும் எல்லையை, சுருக்குவதுதான் வேலை. அதற்குத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது அவருக்கு.