பாராமெடிக்கல் சீட்டு தேடி அலைஞ்ச கதை: "டிகிரில யார் பேரு போடுவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க

தங்கச்சி பயாலஜி குரூப், மார்க் பரவாயில்ல, ஆனா எம்பிபிஎஸ் எல்லாம் நடக்காதுன்னு அவளுக்கே தெரியும். ரேடியாலஜி பக்கம் போறேன்னா. சரின்னு காலேஜ் பாக்க ஆரம்பிச்சோம், இன்னும் அந்த எரிச்சல் போகல, அதான் எழுதுறேன்.

எங்க மாமா நல்ல எண்ணத்துல, நாங்க முடிவு பண்றதுக்குள்ளயே ஹைவேல இருக்கற ஒரு தனியார் காலேஜ்ல அட்வான்ஸ் கட்டி, டிசி, மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துட்டாரு. "சீட் பிளாக் பண்ணியாச்சு மாப்ள, நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்டாம்". வாசல் பிளெக்ஸ்ல பெரிய எம்ஆர்ஐ மெஷின் படம். சரி லேப்பக் காட்டுங்கன்னு கேட்டா, உள்ள ஒரு பழைய மொபைல் எக்ஸ்ரே மெஷின், மேல பெட்ஷீட் போத்தி வச்சிருக்காங்க, விலக்கிப் பாத்தா பட்டன் மேல விரல் வச்சா தடம் விழற அளவுக்கு தூசி. எக்ஸ்ரே மெஷின் ஓட்டணும்னா ஏஇஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதோட லைசென்ஸ் வேணும், ஈலோரான்னு அவங்க ஆன்லைன் சிஸ்டம்லயே வாங்கறது. அது இருக்கா மேடம்னு கேட்டேன். எச்ஓடி லீவு, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. அடுத்த வாரம் போனா எச்ஓடிங்கற ஆளே இன்னும் அப்பாயின்ட் ஆகலயாம்!

நான் திரும்பத் திரும்ப கேட்டது ஒரே கேள்விதான். முடிச்சா குடுக்கற டிகிரில எந்த யுனிவர்சிட்டி பேரு இருக்கும்? கவுன்டர்ல இருந்த அம்மா "எம்ஜிஆர் யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கு சார்"னு சொன்னாங்க. தமிழ்நாடு அரசோட மருத்துவ யுனிவர்சிட்டி அது. அஃபிலியேஷன் இருக்கு, பொய் இல்ல, ஆனா அது அவங்க நர்சிங் காலேஜுக்கு. ரேடியோகிராபி கோர்ஸுக்கு இருக்கான்னு கேட்டா பேச்சு மாறுது. யுனிவர்சிட்டி வெப்சைட்ல கோர்ஸ் வாரியா அஃபிலியேட்டட் காலேஜ் லிஸ்ட் இருக்கும், அதுல தேடினா இவங்க பேரு நர்சிங்ல மட்டும்தான் வருது. போன்ல காட்டினதும்தான் "இது பி.வோக் சார், வட மாநிலத்து யுனிவர்சிட்டி, யுஜிசி அப்ரூவ்டு"ன்னு உண்மை வெளிய வந்துச்சு. பி.வோக்னா தொழிற்கல்வி டிகிரி. யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, அவங்க லிஸ்ட்ல அந்த யுனிவர்சிட்டி இருக்கறது சரிதான். ஆனா ஒரு மாநிலத்து பிரைவேட் யுனிவர்சிட்டி இன்னொரு மாநிலத்து காலேஜுக்கு அஃபிலியேஷன் குடுக்க முடியாது, இங்க சென்டர் போட்டு கோர்ஸ் நடத்தவும் கூடாது. "அப்ரூவ்டு"ங்கற வார்த்தைய வச்சே பாதி பேரை ஏமாத்திடறாங்க.

இன்னொண்ணு, 2021ல நேஷனல் கமிஷன் ஃபார் அலைடு அண்ட் ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ்னு தனிச் சட்டமே வந்திருக்கு. டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் மாதிரி அலைடு ஹெல்த் புரொஃபஷனல்னா குறைஞ்சது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் 2 முதல் 4 வருஷத்துல. பிசியோ மாதிரி ஹெல்த்கேர் புரொஃபஷனலுக்கு 3,600 மணி நேரம். ஆறு மாச டிப்ளமோ, ஒரு வருஷ டிப்ளமோன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டீஸ் குடுக்கறாங்களே, அதுல சேர்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்க போட்டுப் பாருங்க.

சரி வேண்டாம், ஒரிஜினலக் குடுங்கன்னு போனா ஆரம்பிச்சது கூத்து. கரஸ்பாண்டன்ட் சார் ஊர்ல இல்ல, சாவி அவர்கிட்ட, முழு வருஷ ஃபீஸ் கட்டினாதான் டிசி. இங்க அரசு கவுன்சிலிங் தேதி நெருங்குது, ஒரிஜினல் இல்லாம அங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஒரிஜினல வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018 அக்டோபர்லயே நோட்டிபிகேஷன் போட்டிருக்கு, அத பிரின்ட் எடுத்துட்டுப் போய் நீட்டினேன். "அதெல்லாம் பெரிய யுனிவர்சிட்டிங்களுக்கு தம்பி"ன்னு கிளார்க் படிக்காமயே திருப்பிக் குடுத்தாரு. அப்புறம் அம்மா சத்தமே இல்லாம "சரிங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துக்கறோம், உங்க பேரு என்னங்க?"ன்னு பேனாவ எடுத்தாங்க பாருங்க, ஊர்ல இல்லாத கரஸ்பாண்டன்ட் கிட்ட இருந்த சாவி பத்து நிமிஷத்துல கிளார்க் டிராயர்லயே கெடைச்சுது. ஒரிஜினல் வந்துச்சு. அட்வான்ஸ் இன்னும் வரல, மாமா வாரா வாரம் போன் பண்ணிட்டு இருக்காரு.

கவுன்சிலிங் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கீழ்ப்பாக்கம் செலக்‌ஷன் கமிட்டி ஆன்லைன்லயே நடத்தறாங்க, நீட் கேக்கல, பிளஸ் டூ மார்க்தான். இவ கொஞ்ச வருஷம் பெங்களூர்ல படிச்சதால நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டியிருந்துச்சு, இ-சேவை மையத்துல மங்கலா ஸ்கேன் பண்ணி ரிஜெக்ட் ஆகி மறுபடி போட்டது தனி எரிச்சல். அப்லோட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல ஜூம் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, மூஞ்சியச் சுளிச்சாலும் பரவாயில்ல. டீம்டு யுனிவர்சிட்டிங்க இந்தக் கவுன்சிலிங்ல வராது, அது தனி அட்மிஷன், தனி ஃபீஸ், அங்கயும் டிகிரில யார் பேருன்னு அதே கேள்விய கேக்கணும்.

வேலை நிலவரம் தெரியணும்னா காலேஜ்ல கேக்காதீங்க. ஸ்டூடன்ட்ஸ பிராக்டிகலுக்கு அனுப்பற டை-அப் ஆஸ்பத்திரி எதுன்னு கேட்டுட்டு அங்க போய் டியூட்டி முடிஞ்சு டீ குடிக்க வர்ற டெக்னீஷியன்கிட்ட பேசுங்க. எனக்கு ஒருத்தர் எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சாரு. ஆரம்பத்துல ஸ்கேன் சென்டர்ல 15,000 சுத்திதான் வருமாம், சிடி, எம்ஆர்ஐ கை பழகினாதான் ஏறுமாம். ஸ்டூடன்ட்ஸ் வீல்சேர் தள்றாங்களா மெஷின்ல நிக்கறாங்களான்னு பாருங்கன்னாரு. நெஞ்சுல டிஎல்டி பேட்ஜ் இருக்கான்னும் பாக்கச் சொன்னாரு. மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்தி, எவ்ளோ ரேடியேஷன் வாங்கியிருக்கோம்னு கணக்குப் பாக்கற பேட்ஜ் அது, லெட் ஏப்ரனுக்கு உள்ள போடுவாங்களாம். கவர்மென்ட் வேலைன்னா எம்ஆர்பி, அதாவது தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், போட்ட பழைய ரேடியோகிராபர் நோட்டிபிகேஷன டவுன்லோட் பண்ணி தகுதின்னு போட்டிருக்கற எடத்த மட்டும் படிங்க, அங்க எந்தக் கோர்ஸ் பேரு இருக்கோ அதுவும் நீங்க சேரப்போற கோர்ஸ் பேரும் ஒத்துப்போகுதான்னு. வளைகுடா ஆசை இருந்தா டேட்டாஃப்ளோ வெரிஃபிகேஷன் உண்டு, சர்டிபிகேட் குடுத்த எடத்துக்கே கேட்டு எழுதுவாங்க, அந்த வட மாநிலத்து பி.வோக் என்ன பதில் சொல்லியிருக்கும்னு நெனச்சாலே சிரிப்பு வருது.

இவளுக்கு பி.எஸ்சி ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி கெடைச்சிருச்சு, 3 வருஷம் படிப்பு, 1 வருஷம் இன்டர்ன்ஷிப். அந்த இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கு ஃபீஸ் உண்டா, ஸ்டைபன்ட் உண்டான்னு மட்டும் இன்னும் யாரும் எழுத்துல தரல. வாய்ல சொல்றாங்க, நான் மெயில்ல போடுங்கன்னு கேட்டுட்டே இருக்கேன்.