ஏலக்கூடத்துச் சுவரில் உப்பு பூத்த கதை

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். கடலைப் பார்த்தபடி ஒரு மீன் ஏலக்கூடம், சுனாமிக்குப் பிறகு கட்டியது. முதலில் அடித்த வெளிர்மஞ்சள் எப்போதோ போய்விட்டது. அதன்மேல் தேர்தல் எழுத்து, திருவிழா நோட்டீஸ், வெற்றிலை எச்சில். சென்னை கண்ணகி நகரில் 2020-இல் குடியிருப்புச் சுவர் முழுக்க வரைந்த ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டு வந்த பையன்கள்தான் இந்தச் சுவரிலும் படம் வரையலாம் என்று ஆரம்பித்தார்கள். கணக்கு எழுதத் தெரியும் என்பதால் என்னையும் இழுத்துவிட்டார்கள்.

அரசுக் கட்டடம் என்பதால் அனுமதி வேண்டும். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்ட, மூன்று வாரம் அலைந்தோம். அதைவிட ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டம் நீளம். சாமி படம் வேண்டாம், சாய்ந்து உட்காருவார்கள். கட்சி நிறமும் வேண்டாம். சிவப்புச் சங்கரா மீனுக்குக் கறுப்பில் ஓரக்கோடு போட்டால் கட்சிக்கொடி ஆகிவிடாதா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஓரக்கோடு கடைசியில் காப்பிக்கொட்டை நிறம் ஆனது.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. ஃபைபர் படகு கொண்டுவரும் மீனுக்கு மட்டும் காலையில் கொஞ்ச நேரம் ஏலம், பிறகு கூடம் காலி.

எங்கள் பெரிய தப்பு முதல் வாரத்திலேயே நடந்தது. சுவரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, மறுநாளே ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு, அடித்துவிட்டோம். பத்தே நாளில் ப்ரைமர் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. விரலால் தட்டினால் உதிர்கிறது, அடியில் வெள்ளை வெள்ளையாக மாவு. நாக்கில் வைத்துப் பார்த்த பையன் துப்பினான். உப்பு.

ஊர்க் கொத்தனார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், ஈரம் காய்ந்ததும் உப்பு கட்டியாகிப் பெயிண்டைத் தள்ளும் என்றார். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகுமாம். அதனால் முதலில் காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளவேண்டும். பிறகுதான் நல்ல தண்ணீர். பிறகு காயவிடவேண்டும், பொறுமையாக.

எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன வழி எளிது. ஒரு முழ பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விடு. காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. கத்திரி வெயிலிலும் எங்கள் சுவருக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது.

இதற்கிடையில் படகுக்குப் பெயரும் நம்பரும் எழுதும் அண்ணன் ஒருவர் மீந்துபோன படகுப் பெயிண்டைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். பையன்களுக்கு ஒரே சந்தோஷம். கொத்தனார் விடவில்லை. படகுப் பெயிண்ட் எனாமல், அதை அடித்தால் சுவர் மூச்சுவிடாது, ஈரம் உள்ளேயே நின்று மறுபடி உப்பித் தள்ளும் என்றார். சரி என்று 460 சதுர அடிக்கு ப்ரைமரும் வெளிச்சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயிண்டும் காசு கொடுத்தே வாங்கினோம். நிறம் ஏற்றும் ஸ்டெய்னர் பாட்டிலை இஷ்டத்துக்கு ஊற்றிக் கலக்காமல், அடர்ந்த நிறங்களைக் கடை மெஷினிலேயே கலந்து வாங்கினோம். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அன்றைக்கு எல்லோரும் வெள்ளையாக இருந்தோம்.

படத்தைக் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினோம். நீலம் தோய்த்த நூலைப் பிடித்து அடித்தால் கோடு. ஒரு முழக் கட்டத்தில் ஒரு ஆள். கடல் பார்த்த பக்கத்துக்கு மதியத்துக்கு மேல்தான் நிழல். அதற்கு முன்னால் சூடான சுவரில் பிரஷ் வைத்தால் இழுக்கும்போதே காய்ந்து கோடுகோடாகத் தெரியும்.

வவ்வால் மீனை வரைந்து முடித்த சாயங்காலம், கூடையோடு வந்த ஆயா ஒருவர் நின்று பார்த்தார்.

“தம்பி, இது எந்தக் கடல்ல புடிச்ச வவ்வா? வாலு ரெண்டும் ஒரே நீட்டமா இருக்கு.”

வெள்ளை வவ்வாலுக்கு வாலில் கீழ்த்துண்டு நீளம். கடற்கரையில் பிறந்த எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை, போனில் இருந்த படத்தைப் பார்த்து வரைந்திருந்தோம். அன்று முதல் ஆயாக்கள் சொல்லச் சொல்லத்தான் மீன்கள் திருந்தின. வஞ்சிரத்தின் வரிகளை மட்டும் மூன்று தடவை அழித்தோம்.

சுவரின் நடுவில் பெரிய அலை ஒன்று சுருண்டு நிற்பதாகத் திட்டம். சாக்பீஸில் வரைந்தும் ஆயிற்று, ஆள் உயரத்துக்கு மேலே. மறுநாள் காலை ஏலத்துக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். அந்த ஆயாதான் திரும்பி வந்தார். “கடல இடுப்புக்கு மேல போடாத தம்பி” என்று மட்டும் சொன்னார். வரைந்த பையன் 2004-க்குப் பிறகு பிறந்தவன். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஈரத்துணி எடுத்து நானே அழித்தேன். இப்போது சுவரில் கடல் இடுப்பளவுதான். அதன்மேல் ஒரு கட்டுமரம், மேலே முழுக்க வானம்.

ஜூன் 14-க்கு இரண்டு நாள் முன்னால் சாரத்தைப் பிரித்தோம். இப்போது ஏலத்தில் “வவ்வாலுக்குக் கீழ வை கூடைய” என்றுதான் இடம் சொல்கிறார்கள்.

மழை முடிந்து தை மாதம் பார்த்தபோது வடக்கு மூலையில், சங்கராவின் வால் பக்கம், ஒரு சாண் அகலத்துக்கு மறுபடி உப்பு பூத்திருந்தது. கம்பி பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 வரட்டும்.