ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம்

என் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகம் என்னுடையது அல்ல. 1989இல் எடுத்த படங்கள் அவை. நான் நல்ல கறுப்பு. அந்த நிறம் ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. முகத்தில் பவுடர், அதற்குமேல் ஃபிளாஷ், போதாததற்குப் பிரிண்ட் போட்டவர் செய்த வெளுப்பு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். திறக்கும்போதெல்லாம் உறுத்தும். கறுத்த முகத்தை அதன் நிறத்திலேயே அழகாக எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் 59 வயதில் கேமராவை முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

கேமரா ஆசை அதற்கும் முந்தியது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பாவிடம் ஓர் அக்ஃபா கிளிக் 3 இருந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே சதுரப் படங்கள். பொங்கலுக்கு நான்கு, பாட்டிக்கு ஒன்று, கொலுவுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துத்தான் எடுப்பார். பிள்ளைகள் கையில் தரமாட்டார். ஒரே ஒரு முறை, கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த அம்மாவை எடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

இந்த ஜனவரியில் மகன் விட்டுச்சென்ற பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். ஆறு வருடம் தோல் பைக்குள் கிடந்தது. லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள் படர்ந்திருந்தன. பூஞ்சை. கடலோர ஊரின் ஈரமும் பீரோவின் இருட்டும் போதும், அது வளர்ந்துவிடும். பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். அடுத்து வாங்கிய பழைய 50 மி.மீ. லென்ஸை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். நீல மணிகள் ஈரத்தைக் குடித்து இளஞ்சிவப்பாக மாறினால், இதற்கென்றே ஒதுக்கிய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். ஏசி அறையிலும் கேமராவை வைப்பதில்லை. விடியற்காலையில் அங்கிருந்து நேரே தெருவுக்குக் கொண்டுபோனால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரைப்போல் லென்ஸ் வியர்த்துக்கொள்கிறது. அது தெளியும்வரை காத்திருந்தால் நல்ல வெளிச்சம் போயே போய்விடும்.

வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த கேமரா புதிதாக வந்திருக்கிறது என்ற பேச்சே ஓடியது. இரண்டு வாரத்தில் நின்றுவிட்டேன். எனக்கு ஆசிரியராக அமைந்தவர் மந்தைவெளியில் எங்கள் தெருவிலேயே முன்பு ஸ்டூடியோ நடத்திய பெரியவர். என் முதல் படங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சொல்லுங்கள் அம்மா?” எனக்குத் தெரியவில்லை. அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். ஷட்டரை அழுத்துவதற்கு முன் ஒளி வரும் திசை, லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எஃப் எண், ஷட்டர் திறந்திருக்கும் நொடி, கேமரா ஒளியை எவ்வளவு கூர்மையாக வாங்கிக்கொள்கிறது என்பதற்கான ஐஎஸ்ஓ ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம், அதற்குமேல் இல்லை. இந்த எண்ணிக்கை சித்தப்பாவின் ரோல் கணக்கு. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் இருக்கும்போது எதற்கு இந்தக் கட்டுப்பாடு என்று மகன் கேட்டான். எழுதிவிட்டு எடுத்தால்தான் தவறு எங்கே நேர்ந்தது என்று மாலையில் தேடிப் பிடிக்க முடிகிறது.

முதல் இரண்டு மாதம், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. கேமராதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தேன். அதன் ஓரத்தில் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் இருப்பதைப் பெரியவர்தான் காட்டினார். டயாப்டர் என்று பெயர். நாற்பதைத் தாண்டிக் கேமரா எடுப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே அதைத் தேடிப் பாருங்கள்.

மார்ச்சில் பால்கனியில் செய்த ஒரு சோதனைதான் எனக்கு வழியைத் திறந்தது. வீட்டுக்காரரின் துவைத்த வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, படம் முழுக்க வேட்டி மட்டும் நிரம்பும்படி தானியங்கி அமைப்பில் எடுத்தேன். அடுத்து அதே இடத்தில் கறுப்புக் குடையை விரித்து எடுத்தேன். கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேட்டியும் சாம்பல், குடையும் சாம்பல். ஏறக்குறைய ஒரே சாம்பல்! கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர், தன் முன்னால் இருப்பது எதுவானாலும் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்கிறது. வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கும், கறுப்பைக் கண்டால் வெளுக்கவைக்கும். ஒளியை இரட்டிப்பாக்கினாலோ பாதியாக்கினாலோ அது ஒரு ‘ஸ்டாப்’. எனவே வேட்டிக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டும், குடைக்கு அதே அளவு குறைக்க வேண்டும். கறுத்த முகமும் குடையின் பக்கம்தான். மீட்டர் சொன்னபடி விட்டால் வெளுத்துப்போகும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தாலோ, அதே முகம் கண்ணும் மூக்கும் தெரியாமல் கரியாகிவிடும்.

இது தெரிந்த பிறகு தேடிப் படித்ததில் இன்னொன்றும் கிடைத்தது. ஃபிலிம் காலத்தில் மேலைநாட்டு லேப்களில் கலரைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்ற மாதிரிப் படம் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. நம் முகங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. படித்த அன்று ஆல்பத்தை மறுபடி எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள் என்கிறோம். அந்த மாதங்களில் பத்து மணிக்கு மேல் யாரையும் வெயிலில் நிறுத்தி எடுப்பது வீண். புருவத்தின் நிழல் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும். கூரை, பந்தல், மரத்தடி என்று ஓரமாக நிறுத்தினால் முகம் தெளியும். மெரினாவில் எல்லோரும் கடலைப் பார்த்து உதயத்தை எடுக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். சுண்டல் வண்டிக்காரர், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், குதிரைக்காரப் பையன், எல்லோர் முகத்திலும் கிழக்கு வெளிச்சம் தேன் நிறத்தில் விழுந்திருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன.

காசிமேட்டுக்கு மே மாதம் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, நிழலில் உட்கார்ந்து வலை சீர்செய்துகொண்டிருந்தார்கள். கற்றுக்கொள்பவருக்கு நல்ல காலம் அது. யாருக்கும் அவசரமில்லை. கேட்டால் சம்மதிக்கிறார்கள், எடுத்ததைக் காட்டினால் சிரிக்கிறார்கள். கேட்காமல் ஒருவரையும் எடுப்பதில்லை என்று அங்கேதான் உறுதி செய்துகொண்டேன்.

இனி பூக்காரம்மா. தெற்கு மாட வீதியில் வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம்தான் வாங்குவேன். என்னைவிடக் கறுப்பு. மடிக்கு முன்னால் வெள்ளைக் குவியலாக மல்லி, மேலே நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் நீலம் முகத்தில் ஏறியதால் முதல் மூன்று வாரமும் படம் கெட்டது. நான்காவது வாரம், “சற்று வெளியே தள்ளி உட்காருகிறீர்களா அம்மா?” என்று கேட்டேன். முக்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விடியற்காலை ஆறு மணி, கட்டடங்களுக்கு மேல் வெயில் ஏறவில்லை. முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, ஒரு ஸ்டாப் குறைத்தேன். எஃப் 4, 1/30 நொடி, ஐஎஸ்ஓ 400. அந்த வேகத்தில் என் கை நிற்காது என்பதால் தூணில் சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்தினேன்.

படம் வந்தது. கன்னத்தின் மேட்டில் காலை வெளிச்சம் எண்ணெய் பூசினதுபோல் மின்னுகிறது. கறுப்புக்குள்ளேயே செம்மை ஓடுவது தெரிகிறது. மூக்குத்தி தனியாக நிற்கிறது. மல்லி மொட்டுகள் வெளுத்துப்போகாமல் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பிரிண்ட் போடக் கொடுத்த இடத்தில் முகத்தை வெளுக்கவைத்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே, ‘நன்றாக இருக்கட்டும்’ என்று. 1989 திரும்பி வந்ததுபோல் இருந்தது. “எந்தத் திருத்தமும் வேண்டாம், கோப்பில் இருக்கிறபடியே போடுங்கள்” என்று நின்று வாங்கிவந்தேன். இரண்டாவது பிரிண்ட் சரியாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அதைப் பூக்காரம்மாவிடம் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். “நான் நானாகவே இருக்கிறேன்” என்றார். பிறகு படத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, “கை மட்டும் ஏன் புகைபோல் இருக்கிறது? நாரை முடிச்சுப் போடுகிற இடமே தெரியவில்லையே. முப்பது வருடமாகக் கட்டுகிறேன், அது தெரிய வேண்டாமா?” என்று கேட்டார்.

நியாயம்தான். 1/30இல் அவர் விரல்கள் நிற்கவில்லை. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: அடுத்த வெள்ளி, கைகள் மட்டும். 1/250 வேண்டும், அதற்கு மூன்று ஸ்டாப் ஒளி குறையும். துளையை எஃப் 2.8க்குத் திறந்தால் ஒன்று, ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றினால் இரண்டு என்று அது ஈடாகிவிடும். பன்னிரண்டு படமும் விரல்களுக்கே.