கண்ணிக் கணக்கு

டிசம்பர் 3

வீட்டுக்குள் நாற்று வளர்க்க ஒரு விளக்குப் பெட்டி. பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் அதற்கு இரண்டடி எல்.இ.டி. பேட்டன் (குழல் விளக்கு) நான்கு வாங்கியாயிற்று. ஒவ்வொன்றும் 10 வாட், 6500 கெல்வின் வெள்ளை, அட்டையில் போட்டிருப்பது 1000 லூமன். கடைக்காரர் ஊதாவும் சிவப்புமாக எரியும் ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். நாற்றுக்கு வெள்ளையே போதும். ஊதா வெளிச்சத்தில் இலை பச்சையாக இருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியாது.

பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட். உள்ளளவு 66 × 40 செ.மீ., உயரம் 60. 98 குழி நாற்றுத் தட்டு 54 × 28, சுற்றிலும் கை நுழைய இடம் இருக்கும். ஆணி ஒன்றுகூட வேண்டாம். மூலைக்கு எல் கிளாம்ப், மொத்தம் 16 போல்ட். தை பிறந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

டிசம்பர் 4

உள்ளே வெள்ளை மேட் எமல்ஷன், இரண்டு கோட். அலுமினியத் தாள் ஒட்டலாம் என்கிறார்கள். சுருக்கம் விழுந்த இடத்தில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். அதைவிட, வயர் இணைப்புக்குப் பக்கத்தில் கரண்ட் கடத்தும் தாளை ஒட்டுவது வேண்டாத வேலை.

பேட்டன் நான்கையும் 9 செ.மீ. இடைவெளியில் மரச்சட்டத்தில் திருகினேன். நான்கும் சேர்ந்து 40 வாட்தான், சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாராளம். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், தண்ணீர் வயரோடு இறங்கினாலும் அங்கே சொட்டிவிடும். இணைப்புகள் எல்லாம் பெட்டிக்கு வெளியே.

சட்டத்தைத் தூக்க இரண்டு சங்கிலி. ஒரு கண்ணி 2 செ.மீ. விளக்கு தட்டின் விளிம்பிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நிற்கும்போது கொக்கி மாட்டும் கண்ணி எண் 1. நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 5

650 கிராம் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) கட்டி ஊறி எட்டு லிட்டருக்குப் பக்கம் வந்தது. மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன், உப்பு போக வேண்டும். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம், மூன்றாவது வெறும் டீ. மூன்று பங்கு இது, ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். கையில் இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

டிசம்பர் 6

விதைத்தாயிற்று. தக்காளி ஆறு வரிசை, 42 குழி, ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், ஆரம்ப இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். வீரிய ஒட்டு, அதனால் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்துப் பயனில்லை. கத்தரி 28. ராமநாதபுரம் குண்டு மிளகாய் 28, இருந்ததே அவ்வளவு விதைதான்.

அரை செ.மீ. ஆழம். மேலே பிளாஸ்டிக் தாள். டைமர் காலை 5 முதல் இரவு 9 வரை. கண்ணி 12.

டிசம்பர் 9

ஒன்றுமில்லை.

டிசம்பர் 12

காலையில் பார்த்தால் தக்காளி பாதிக்குமேல் தலை தூக்கியிருக்கிறது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டேன். விளக்கை இறக்க மறந்து வெளியே போய்விட்டேன்.

டிசம்பர் 14

இரண்டே நாள். தண்டு 5 செ.மீ., நூல் மாதிரி வெளுத்து வளைந்து நிற்கிறது. கண்ணி 12 என்றால் விளிம்பிலிருந்து 25 செ.மீ. போனில் லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு) பார்த்தேன், 7,000. கண்ணி 5-க்கு இறக்கி இலை மட்டத்தில் பார்த்தால் 13,000, மூலையில் 8,500. போன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு என்பது ஒற்றை பல்புக்கு. நீளக் குழல் நான்கு, சுற்றி வெள்ளைச் சுவர் என்றால் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனாலும் பாதியானது தக்காளிக்குப் போதவில்லையே.

இலைக்கும் குழலுக்கும் 6 செ.மீ. இடைவெளி. புறங்கையை இலை மட்டத்தில் ஒரு நிமிடம் வைத்தேன், இதமான சூடு, அவ்வளவுதான். சுடாத வரை இறக்கலாம்.

நீண்ட தக்காளிக்கு வழி இருக்கிறது. பெயர்த்து நடும்போது வித்திலை வரை புதைத்தால் தண்டிலேயே வேர் விடும். மிளகாயை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

கத்தரி 9. மிளகாய் இல்லை.

டிசம்பர் 16

மிளகாய்க் குழிகளையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். பகலில் பெட்டிக்குள் 27. விடியற்காலை நாலரைக்கு 18. தக்காளி இதைச் சகித்துக்கொள்ளும், மிளகாய் 25-க்கு மேல் கேட்கும். ஹீட் மேட் (தட்டுக்கு அடியில் வைக்கும் சூடு விரிப்பு) வாங்கலாம் என்று கணக்குப் போட்டு, பிறகுதான் உறைத்தது: 40 வாட் சூட்டை அறை தானாகவே சூடாக இருக்கும் நேரத்தில் எரித்துக்கொண்டிருக்கிறேன். நாற்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், அது பகலா இரவா என்பது அதற்கு எதற்கு? டைமரைத் திருப்பினேன். மாலை 6 முதல் காலை 10 வரை. ஒரு நாளைக்கு 0.64 யூனிட், அதே செலவுதான்.

அம்மா: “கண்ணு, ராத்திரி பூரா கல்யாண வீடு மாதிரி எரியுது.” முன்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டேன். மேலே காற்றுக்கு நாலு விரல் இடைவெளி.

டிசம்பர் 17

விடியற்காலை 24.

டிசம்பர் 18

கத்தரியில் மூன்று சாய்ந்துவிட்டது. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகிக் கம்பி மாதிரி மெலிந்திருக்கிறது, மேலே இலை இன்னும் பச்சை. நாற்றழுகல். காரணம் துணிதான், சூட்டோடு ஈரத்தையும் பூட்டி வைத்துவிட்டது. மேலிருந்து தெளித்ததும் என் தப்பு.

சாய்ந்ததைப் பிழைக்க வைக்க முடியாது. அந்த மூன்று குழியையும் கலவையோடு சுரண்டி எறிந்தேன். இனி அடித்தண்ணீர் மட்டும்: தட்டை ஒரு செ.மீ. தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, எடுத்து வடிய விட வேண்டும். மேல்பரப்பு வெளிர் பழுப்பாகும் வரை அடுத்த தண்ணீர் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, 80 மி.மீ., 12 வோல்ட். பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் மாட்டினால் சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றுகிறது. இன்னொரு ஃபேன் 5 வோல்ட்டில் கிளம்பவே இல்லை. இலை லேசாக நடுங்கினால் போதும், மடியக் கூடாது.

டிசம்பர் 19

ஒன்று சாய்ந்தது. மிளகாய் இல்லை.

டிசம்பர் 21

மதியம் ஒன்றரைக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மெக்கானிக்கல் டைமர். கரண்ட் போகும்போது அதன் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று நாள் கரண்ட் கட் சேர்ந்து மூன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்கியிருக்க வேண்டும்.

டிசம்பர் 24

பன்னிரண்டாம் வரிசை, நாலாவது குழி. கொக்கி மாதிரி வளைந்த வெள்ளைத் தண்டு. விதைத்தோல் இன்னும் தலையில். பிய்க்காதே, ஈர விரலால் தொட்டுவிட்டு விடு.

ஒன்று.

டிசம்பர் 28

மிளகாய் 8. தக்காளி 10 செ.மீ., கண்ணி 8. மூன்றையும் ஒரே தட்டில் போட்டது முட்டாள்தனம். தக்காளிக்காக விளக்கை ஏற்றினால் மிளகாய் நீளும். கத்தரிக்கோலால் தட்டை மூன்றாக வெட்டினேன். மிளகாய்த் துண்டு கவிழ்த்த டப்பா மேல், 10 செ.மீ. உயரத்தில்.

தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா. உரக்குறை என்று பதறத் தேவையில்லை. வேர் குளிர்ந்தால் பாஸ்பரஸைச் சரியாக எடுக்காது. விளக்கில்லாமல் குளிர்ந்த அந்த ராத்திரிகளின் விளைவு, புது இலை பச்சையாக வருகிறது.

ஜனவரி 1

19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), லிட்டருக்கு அரை கிராம், அடித்தண்ணீரில். கோகோபீட்டில் சத்து கிடையாது, மண்புழு உரம் இத்தனை நாள்தான் தாங்கும். வாரம் ஒரு தடவை.

ஜனவரி 5

தக்காளி வெளியே, காலை வெயில் ஒரு மணி நேரம். நாளுக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும், எட்டு நாள் ஆகும்.

ஜனவரி 7

வெயிலிலிருந்து எடுக்க முப்பது நிமிடம் தாமதம், ஆறு செடியில் இலை வெள்ளைத் திட்டு. பெட்டிக்குள் 13,000 லக்ஸ், வெளியே உச்சி வெயில் ஒரு லட்சத்துக்குப் பக்கம். காகிதம் மாதிரி உலர்ந்த அந்த இலை திரும்பாது. குருத்து பச்சையாக இருக்கிறது, பிழைக்கும்.

ஜனவரி 8

மிளகாய் 11. இரண்டு நாளாகப் புதிதாக எதுவும் இல்லை. டப்பாவை எடுத்துவிட்டேன், கண்ணி 4.

ஜனவரி 11

தக்காளி 38, கத்தரி 21 பயணத்துக்குத் தயார். மிளகாய்க்கு நிஜ இலை இரண்டுதான், நட இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். பெட்டியும் கூடவே போக வேண்டும், போன அன்று மாலை 6 மணிக்கே எரிய வேண்டும்.

போல்ட் கழற்றிப் பார்த்தேன். 14 வந்துவிட்டது. கீழ் வரிசையில் இரண்டு, ஈரத்தில் துருப்பிடித்து நட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஸ்டெயின்லெஸ் போட்டிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.