கல்லறையில் எழுத்துப் படிச்ச பொண்ணு

இங்கிலீஷ் எழுத்தாளர் சார்லஸ் லேம்பும் அவரோட அக்கா மேரி லேம்பும் சேர்ந்து குழந்தைங்களுக்காக எழுதுன 'மிஸஸ் லெஸ்டர்ஸ் ஸ்கூல்' படிச்சிட்டிருக்கேன். 1809ன்னு தேதி போட்டு வந்த புக், ஆசிரியர் பேரே போடாம. பத்து கதைல ஏழு மேரி எழுதினது, ஆனா இன்னிக்கும் எல்லாரும் முதல்ல சொல்றது தம்பி பேரத்தான், என்னத்த சொல்ல.

ஆம்வெல்னு ஒரு ஊர்ல போர்டிங் ஸ்கூல், புதுசா வந்த பொண்ணுங்க வீட்ட நெனச்சு அழுதுட்டு இருக்காங்க, டீச்சர் நெருப்பச் சுத்தி உக்கார வச்சு ஒவ்வொருத்தியா உன் கதைய சொல்லுன்றாங்க, அவ்ளோதான் புக்கு. முதல் கதைல எலிசபெத் வில்லியர்ஸ், அவ எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே அம்மாவோட கல்லறைல இருந்த எழுத்த வச்சுதான். அம்மா செத்தது தெரியாம வந்த கப்பல்கார மாமா, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போன்னு சொல்ல, இது நேரா அந்தக் கல்லறைக்கே கூட்டிட்டுப் போகுது!! அழுகையே இல்லாம இவ்ளோ சாதாரணமா சொல்லிட்டுப் போறாங்க, நமக்குத்தான் தொண்ட அடைக்குது.

இத எழுதின மேரி 1796ல மனநோய் முத்தின ஒரு நேரத்துல பெத்த அம்மாவயே கத்தியால குத்திக் கொன்னவங்க. அதுக்கப்புறம் தம்பி சார்லஸ்தான், அவர் சாகுற வரைக்கும் கூட வச்சுப் பாத்துக்கிட்டார். அது தெரிஞ்சப்புறம் அந்தக் கல்லறைக் கதைய திரும்பப் படிச்சேன், சாமி, முடியல.

மார்கரெட் கிரீன்னு ஒருத்தி கதையும் செம. பெரிய வீட்ல யாரும் பேச்சுத்துணைக்கு இல்லாம, லைப்ரரில கெடச்ச கிழிஞ்ச புக்கப் படிச்சிட்டு தான் ஒரு முஸ்லிம்னே முடிவு பண்ணிட்டு, அம்மா நரகத்துக்குப் போயிடுவாளேன்னு பயந்து காய்ச்சல்ல படுத்துருது. டாக்டர் மருந்தோட விடல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு, அவர் பொண்டாட்டி திருவிழாக்கு அழைச்சிட்டுப் போறாங்க 😄